நெட்சுகே சேகரிக்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

உள்ளங்கையில் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. மரத்தில் செதுக்கியது. நெட்சுகே எனப்படும் ஜப்பானிய இடுப்புக் குமிழ். முதுகு முழுக்க மருக்கள். விரலால் தடவினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டுப்படுகிறது. கண்களில் கறுப்புக் கொம்பு பதித்திருக்கிறார்கள். இதைக் கையில் வாங்குகிறவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பல வருடம் இதில் பழகியவர்களோ வாங்கிய கையோடு கவிழ்த்துவிடுவார்கள். வயிற்றில் இரண்டு துளைகள் இருக்கும். அவற்றைப் பார்த்த பிறகுதான் முகத்துக்கு வருவார்கள்.

புதிதாக நெட்சுகே சேகரிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க விரும்புவதும் அந்தப் பழக்கத்தைத்தான். ஜப்பானியர் வாயில் இந்தச் சொல் ‘நெட்ஸ்கே’ என்றே ஒலிக்கும். நடுவிலுள்ள உகரம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். கடைக்காரரிடம் பேசும்போது உதவும்.

இடுப்பில் தொங்கிய பொருள்

கிமோனோவில் பை கிடையாது. நம் பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டதுபோல், எடோ காலத்து (1603–1868) ஜப்பானிய ஆண்கள் தங்கள் பொருட்களை இடுப்புப் பட்டையான ஓபியிலிருந்து தொங்கவிட்டார்கள். காசு வைக்கும் சுருக்குப்பை, புகையிலைப் பை, அரக்கு வேலைப்பாடு செய்த அடுக்குப் பெட்டியான இன்ரோ என்று எதுவாகவும் இருக்கலாம். பையின் கயிற்றை ஓபிக்கு உள்பக்கமாக மேலே இழுத்து, அதன் நுனியில் ஒரு குமிழைக் கட்டிவிட்டால், அது ஓபியின் மேல்விளிம்பில் மாட்டிக்கொள்ளும். பை கீழே நழுவாது. அந்தக் குமிழ்தான் நெட்சுகே. கயிற்றின் நடுவில் மேலும் கீழும் நகரும் ஒரு மணி உண்டு. பையின் வாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் அதன் பெயர் ஒஜிமே.

1868க்குப் பிறகு மெய்ஜி ஆட்சியில் பை வைத்த மேல்நாட்டு உடையும் சிகரெட்டும் பரவின. குமிழுக்கு வேலை இல்லாமல் போனது. அதே காலத்தில் ஐரோப்பியர்கள் இவற்றை ஆசையோடு வாங்க ஆரம்பித்தார்கள். சிற்பிகள் இடுப்புக்குச் செய்வதை விட்டு அலமாரிக்குச் செய்யத் தொடங்கினார்கள். உங்கள் முன்னால் இருப்பது இடுப்பில் தொங்கியதா, அலமாரிக்காகப் பிறந்ததா? இந்தக் கேள்வி உங்களோடு கடைசிவரை வரும்.

தினமும் இடுப்பில் கிடக்கும் பொருளுக்குச் சில கட்டாயங்கள் உண்டு. கூர்மையாக எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இருந்தால் பட்டுத்துணி கிழியும், அல்லது நீட்டிக்கொண்டிருப்பது முறியும். அதனால்தான் எலி தன் வாலைத் தன்னையே சுற்றி வைத்திருக்கும், குதிரை தலையைக் கால்களுக்கிடையே தாழ்த்தியிருக்கும். எந்தப் பக்கம் புரளும் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் செதுக்கியிருக்க வேண்டும். கயிறு கோக்க வழியும் வேண்டும். பெரும்பாலும் 3 முதல் 5 செ.மீ. அளவுக்குள் சிற்பி இத்தனையையும் முடித்தாக வேண்டும்.

வடிவங்களின் பெயர்களில் நான்கைந்து தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். முழு உருவச் சிற்பம் கதபோரி. ஜப்பானிய அரிசி மாவுப் பலகாரத்தின் பெயரைத் தாங்கிய தட்டை உருண்டை மஞ்சூ. கிண்ணத்தின் மேல் உலோகத் தகடு பதித்தது ககமிபுதா. நீளக் குச்சியாக ஓபிக்குள் செருகுவது சாஷி. இவை தவிர, நாடக முகமூடிகளின் குட்டி வடிவங்களும் உண்டு. கயிறு கோக்க வழியே இல்லாமல், உட்காரவைக்கத் தட்டையான அடியோடு இருந்தால் அது ஒகிமோனோ எனப்படும் அலங்காரப் பொருள். அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் நெட்சுகே விலை கொடுக்காதீர்கள்.

மரத்தில் தொடங்குங்கள்

தந்தத்தில் செய்த நெட்சுகேக்கள் ஏராளம். அவற்றின் பக்கம் போகாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். 1989இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் நாடுகள் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடைசெய்யும் முடிவை எடுத்தன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தை நிறுத்தியது. 1991இன் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேர்த்தது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. பழையது, பரம்பரையாக வந்தது என்று யார் சொன்னாலும் சுங்கத்தில் அந்தப் பேச்சு எடுபடும் என்று நம்பி வாங்காதீர்கள். சட்டத்துக்கு அப்பாலும், அந்தத் தந்தம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு அதை ரசிக்க என்னால் முடிவதில்லை.

மரத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மர நெட்சுகேக்களின் கண்கள் பெரும்பாலும் கொம்பாக இருந்தாலும், சிலவற்றில் சிறு தந்தத் துண்டைப் பதித்திருப்பார்கள். எடோ நகரத்துச் (இன்றைய டோக்கியோ) சிற்பி மிவா, கயிற்றுத் துளையின் வாயில் பச்சைச் சாயமேற்றிய தந்த வளையத்தைப் பதிக்கும் வழக்கமுடையவர். மிளகளவு தந்தமும் தந்தம்தான். வாங்குமுன் “பதித்திருப்பவை எல்லாம் என்ன பொருள்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மரத்தை நான் சிபாரிசு செய்வதற்குச் சட்டம் ஒரு பாதிதான். கைப்பழக்கத்தை மரம் நன்றாகவே ஏந்திக்கொள்ளும் என்பது மறு பாதி. அதிகம் பயன்பட்டது பாக்ஸ்வுட். ஜப்பானில் ட்சுகே என்பார்கள். ரேகை தெரியாத அளவுக்கு நெருக்கமான மரம். புதிதில் வெளிர் மஞ்சளாக இருப்பது, கை பட்டுப்பட்டுத் தேன் நிறமாகும், பிறகு கருப்பட்டி நிறத்துக்கும் வரும். கருங்காலியிலும் செய்திருக்கிறார்கள். ஹினோகி என்ற சைப்ரஸ் மரம் மென்மையானது, அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள். ஒசாகாவின் யோஷிமுரா ஷூசான் 18ஆம் நூற்றாண்டில் இப்படி வண்ணம் பூசிச் செய்தவர், தன் பெயரைப் பொறிக்காதவர். மலைப்பகுதியான ஹிடா தகயாமாவில் இச்சீ என்ற யூ மரம். அங்கே மட்சுடா சுகேநாகா (1800–1871) வளர்த்த பாணியில் கத்தி வெட்டிய தளங்களைத் தேய்த்து மழுப்புவதில்லை. ஒவ்வொரு வெட்டும் பட்டை தீட்டியதுபோல் அப்படியே தெரியும். இந்தப் பாணியை இட்டோபோரி என்பார்கள்.

தேரைக்குத் திரும்புவோம். அந்த மருக்களை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்து மருவை மிச்சம் வைக்கவில்லை. முனை மழுங்கிய ஒரு கருவியால், மரு வரவேண்டிய இடத்தை அழுத்துவார்கள். அங்கே மரத்தின் இழை நசுங்கிக் குழி விழும். பிறகு சுற்றியுள்ள பரப்பை அந்தக் குழியின் ஆழத்துக்குச் சீவிச் சமமாக்குவார்கள். இப்போது பார்த்தால் ஒன்றுமே இல்லாத வழவழப்பான முதுகு. அதைச் சுடுநீரில் நனைத்தால், நசுங்கிக் கிடந்த இழைகள் நீரை உறிஞ்சி உப்பி எழும். அழுத்திய இடமெல்லாம் மருவாக மேலே வந்துவிடும்! இதற்கு உகிபோரி என்று பெயர். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அப்படி எழுந்த மருவைச் சுற்றி உளி பட்ட தடமே இருக்காது. கொதிக்கும் பாலில் எழும் குமிழிபோல் மரத்திலிருந்தே எழுந்து நிற்கும். செதுக்கி ஒப்பேற்றிய மருவின் அடியில் சிறு பள்ளமோ கீறலோ தெரியும். இஸே பகுதியின் யமதா ஊரில் மாசநாவோ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த குடும்பத்தாரின் தேரைகளில் இந்த வித்தையைக் கண் நிறையப் பார்க்கலாம்.

மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள்

இது கடினமான படி. இருந்தாலும் செய்யுங்கள்.

பிரிட்டிஷ் மியூசியம், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆகியவை தங்கள் நெட்சுகேக்களின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ரேமண்ட், பிரான்சிஸ் புஷல் தம்பதியின் பெரிய சேகரிப்பு லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பான் போகிற வாய்ப்புக் கிடைத்தால், டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இளவரசர் தகமதோ சேகரித்தவற்றையும், நெட்சுகேக்காகவே 2007இல் திறந்த கியோட்டோ செய்ஷூ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் மனதில் தங்காது. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதில் ஐம்பது பாருங்கள். எலி, தேரை, கஷ்கொட்டை, காளான், எது வேண்டுமானாலும் இருக்கலாம். நான் சொல்வேன், தருமாவை எடுத்துக்கொள்ளுங்கள். தருமா என்றால் நம் போதிதர்மர். தென்னிந்தியாவிலிருந்து சீனம் போன துறவி என்று சீன மரபு சொல்கிறது. ஜென் பௌத்தர்களுக்கு அவரே முதல் ஆசான். ஒன்பது வருடம் சுவரைப் பார்த்துத் தியானத்தில் இருந்தாராம். நெட்சுகே சிற்பிகளுக்கு அவர்மீது தனிப் பிரியம். பெருமுகத்தோடு முறைக்கும் தருமா உண்டு, போர்வைக்குள் உருண்டையாக ஒடுங்கிய தருமா உண்டு. எனக்குப் பிடித்தவர், தியானம் முடிந்து இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்தி, வாயைப் பிளந்து சோம்பல் முறிக்கிற தருமா. ஐம்பது தருமாக்களைப் பார்த்து முடிக்கும்போது, எந்தச் சிற்பி உண்மையாகவே ஒரு கொட்டாவியைக் கவனித்திருக்கிறார், யார் இன்னொரு நெட்சுகேயைப் பார்த்து நகலெடுத்திருக்கிறார் என்பது உங்கள் கண்ணுக்கே பிடிபடும்.

கையில் வந்ததும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு சின்ன டார்ச். வேறு கருவி வேண்டாம். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். அந்தத் தழும்பு அழியாது.

கவிழ்த்து, துளைகளைப் பாருங்கள். இவற்றுக்கு ஹிமோதோஷி என்று பெயர். பழைய வேலையில் பல சமயம் ஒரு துளை மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். கயிற்றின் முடிச்சு அதற்குள் ஒளிந்துகொள்வதற்காக. உள்ளே இரண்டும் வளைந்து சேரும். சில நெட்சுகேக்களில் துளையே இருக்காது. குரங்கின் முழங்கைக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள சந்து, சுருண்ட பாம்பின் வளைவு என்று உருவத்திலேயே கயிற்றுக்கு வழி விட்டிருப்பார்கள். அதைக் கண்டால் சிற்பியை மனதுக்குள் பாராட்டிவிட்டு, அந்தச் சந்தில் கயிறு தேய்ந்த பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். துளைகள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். அவற்றில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் உருவம் நேராக வெளியே பார்க்க வேண்டும். தலைகீழாகத் தொங்கினால், துளை போட்டவருக்கு இது எதற்கென்று தெரியவில்லை என்று அர்த்தம்.

இனி தேய்மானம். இடுப்பில் கிடந்த பொருள் எங்கே தேயும் என்று யோசியுங்கள். ஓபியில் உரசும் பின்புறம், மேடான இடங்கள், துளையின் விளிம்பு. மடிப்புகளுக்குள்ளும் விரல் புகாத சந்துகளிலும் செதுக்கல் கூர்மையாகவே மிஞ்சியிருக்கும். மேடு வெளிறி அல்லது பளபளத்து, பள்ளம் இருண்டு, இரண்டுக்கும் நடுவே நிறம் மெல்ல மெல்ல மாறும். செயற்கையாகப் பழசாக்கியதில் சாயம் பள்ளங்களில் தேங்கி, ஓரத்தில் கோடுபோட்டதுபோல் நிற்கும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

என் முதல் நெட்சுகே ஓர் எலி. இணையத்தில் ஒரு விற்பனையாளர் 19ஆம் நூற்றாண்டு என்று எழுதியிருந்தார். படத்தில் முகம் அவ்வளவு அழகு. அடிப்பக்கத்தின் படம் ஒன்றுகூட இல்லை, நானும் கேட்கவில்லை. பார்சல் வந்த அன்று கவிழ்த்துப் பார்த்தேன். ஒரே அளவில் இரண்டு துளைகள், இயந்திரத் துளைப்பானால் நேராகப் போட்டவை, விளிம்பில் நகத்தை வைத்தால் சுரண்டியது. ஒரு நாள்கூடக் கயிறு கண்டிராத துளைகள். ஈரத்துணியால் துடைத்தபோது துணியில் பழுப்பு இறங்கியது. அன்று மிகவும் வருத்தப்பட்டேன். அந்த எலியை இன்னும் வைத்திருக்கிறேன். புதியவர்கள் யாராவது வந்தால் அதன் அடியையும் தேரையின் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

ரெசின் வார்ப்புகளும் மரம்போல நிறம் பூசி வருகின்றன. லூப்பில் பார்த்தால் பக்கவாட்டில் அச்சின் இணைப்புக் கோடும், ஊசிமுனை அளவு காற்றுக்குமிழிகளும் தெரியும். செதுக்கிய தடங்களின் அடி உருண்டு மழுங்கியிருக்கும். கத்தி பட்ட கூர்மை இருக்காது.

பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

அடியில் ஜப்பானிய எழுத்தில் பெயர் பொறித்திருந்தால் விலை ஏறும். அதனால் பொய்க் கையெழுத்தும் ஏறும். இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. 1781இல் ஒசாகாவில் இனாபா ட்சூர்யூ வெளியிட்ட ‘சோகென் கிஷோ’ என்ற நூல் வாள் அலங்காரங்களைப் பற்றியது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நெட்சுகே சிற்பிகளின் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. நெட்சுகே சிற்பிகளைப் பற்றி அச்சில் வந்த முதல் பதிவு அது. படுத்திருக்கும் எருதைச் செதுக்குவதில் பேர்பெற்ற கியோட்டோவின் தோமோதாதாவுக்குப் போலிகள் நிறைய என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்போதே அப்படி.

பொய் என்று சொல்ல முடியாத குழப்பங்களும் உண்டு. மாசநாவோ குடும்பத்தில் ஒரே பெயரைப் பல தலைமுறை பயன்படுத்தியது. அதே பெயரில் கியோட்டோவில் வேறொரு புகழ்பெற்ற சிற்பி இருந்தார். மாணவர் குருவின் பெயரைப் பொறிப்பதும் நடந்தது. ஆகவே பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள். பெயரே இல்லாவிட்டாலும் இந்த விலைக்கு வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயரில்லாத நல்ல மர வேலைகள் நிறைய இருக்கின்றன, தொடக்கத்துக்கு அவைதான் சரி.

வாங்கும் இடம், கேட்க வேண்டியவை

லண்டனின் போனம்ஸ், வியன்னாவின் ஸாக்கே, கொலோனின் லெம்பர்ட்ஸ் ஆகிய ஏல நிறுவனங்கள் நெட்சுகே விற்கின்றன. ஏலம் எடுக்காவிட்டாலும் அவற்றின் பழைய ஏல முடிவுகளைப் படியுங்கள். படமும் விற்ற விலையும் சேர்ந்து கிடைப்பதால் அதுவே நல்ல பாடப்புத்தகம். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் கால் பங்கு அளவுக்கோ அதற்கு மேலோ வரும். அனுப்பும் செலவும் சுங்கமும் தனி. இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு உங்கள் எல்லையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். அனுபவமுள்ள தனி வியாபாரியிடம் விலை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அவரிடம் கேள்வி கேட்கலாம், திருப்பிக் கொடுக்கும் உரிமை பேசலாம். முதல் இரண்டு மூன்றை அப்படி வாங்குவதே நல்லது.

நேரில் பார்க்க முடியாதபோது ஆறு பக்கப் படங்களையும், துளைகளின் நெருக்கப் படத்தையும் கேளுங்கள். கால், காது, வால் நுனி ஏதும் ஒட்டியதா, கண் மாற்றியதா, வெடிப்பு உண்டா, முன்பு யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். மரம் காலத்தில் விடும் மெல்லிய வெடிப்பு பெரிய குறையில்லை. ஒட்டிய கால் குறைதான். அடியில் மையால் எழுதிய சின்ன எண்ணோ காகித ஒட்டோ இருந்தால் அழுக்கென்று துடைத்துவிடாதீர்கள். பழைய சேகரிப்பாளர் போட்ட பட்டியல் எண்ணாக இருக்கலாம், அந்தப் பொருளின் வரலாறு அதில் இருக்கிறது.

உண்மையான பழைய மர நெட்சுகே சில நூறு டாலரிலிருந்து தொடங்கும். ஆயிரம் ரூபாய்க்கு மொத்தமாகப் பத்து வருகிறதென்றால் அவை நேற்றுச் செய்தவை. இன்றும் ஜப்பானிலும் பிற நாடுகளிலும் தம் பெயரில் நேர்மையாக நெட்சுகே செய்யும் சிற்பிகள் இருக்கிறார்கள். பழமை முக்கியமில்லை என்பவர்கள் அவர்களிடம் வாங்கலாம்.

வீட்டில்

எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதுவும் வேண்டாம். தண்ணீர் வேண்டவே வேண்டாம். உகிபோரி மருக்களை எழுப்பியதே தண்ணீர்தான், அது மற்ற இடத்தையும் எழுப்பிவிடும். என் எலியைத் துடைத்ததுபோல் உங்கள் தேரையைத் துடைக்காதீர்கள். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். நேர் வெயிலிலும் ஏசி காற்று நேராக வீசும் இடத்திலும் வைக்காதீர்கள். நம் கடற்கரை ஊர்களில் பகலெல்லாம் புழுக்கமும் இரவில் ஏசியின் வறட்சியும் மாறி மாறி வருவது மரத்துக்கு ஆகாது. ஏசி இல்லாத அறையின் உள்சுவர் அலமாரியில், பருத்தித் துணி விரித்த மூடிய பெட்டி பொருத்தமாக இருக்கும். மாதம் ஒரு தடவை பூச்சி அரித்த மாவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியிலேயே பூட்டி வைத்துவிடாதீர்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருங்கள். வெறும் கையின் பழக்கத்தில் மரத்துக்கு ஏறும் அந்த மெருகை ஜப்பானியர் நரே என்பார்கள். மோதிரத்தை மட்டும் கழற்றிவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: வாங்கிய தேதி, இடம், விலை, அளவு, மரம், பதித்த பொருள்கள், விற்றவர் சொன்னது, நீங்களாகப் பார்த்தது. அட்டையின் பின்பக்கத்தில் துளைகளைப் பென்சிலால் வரையுங்கள். எது பெரியது, எந்த விளிம்பு அதிகம் தேய்ந்திருக்கிறது என்று குறியுங்கள். வரைகிற போதுதான் அதுவரை கண்ணில் படாத ஒரு தேய்வு தெரியவரும். என் தேரையின் பெரிய துளையில் இடதுபக்க விளிம்பு மட்டும் கூடுதலாக வழுவழுத்திருப்பதை நான் கண்டது, வாங்கி எட்டு மாதம் கழித்து, அப்படி வரைந்த ஒரு சாயங்காலத்தில்தான்.